மூடாத வட்டம்

ஆஸ்பத்திரிக் கூடத்தின் சிமெண்டுத் தரையில் ஒரு தலை முளைத்த அன்று வேங்கைப்பதியில் யாரும் ஆச்சரியப்படவில்லை, பயந்துபோனோம், அவ்வளவுதான். ஆச்சரியப்படுவதற்கெல்லாம் கொஞ்சம் ஓய்வு வேண்டும். எங்களுக்கோ தேன் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது, தேன் பாறையில் இறங்கக் கொடிக் கயிறு முறுக்க வேண்டியிருந்தது, ரேஷன் அரிசிக்கு மலையிறங்க வேண்டியிருந்தது, பிள்ளைகளுக்குச் சளியும் காய்ச்சலுமாக இருந்தது. அந்தக் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போனவர்கள்தான் கூடத்தின் நட்டநடுவில், ஒரு தேங்காய் அளவுக்கு, கரிக்கறுப்பாக, கண்ணும் மூக்கும் வாயும் இல்லாமல் அது கிடப்பதைப் பார்த்துவிட்டு, மாத்திரையும் வாங்காமல் சுவரோரமாகவே நடந்து வெளியே வந்தார்கள்.

சிஸ்டர் ஜெபராணி பினாயில் ஊற்றித் தேய்த்தார். கடலோரத்து ஊரிலிருந்து மாற்றலாகி எங்கள் மலைக்கு வந்தவர் அவர். இடது கையில் பெரிய கடிகாரம் கட்டியிருப்பார், நாடி பிடிக்கும்போது நம் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கடிகாரத்தையே பார்ப்பார், அதனால் எங்கள் உயிரெல்லாம் அதற்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எங்களில் சிலருக்கு ஓர் எண்ணம் உண்டு.

"எண்ணெய்க் கறையாக்கும். பயப்படாண்டாம்," என்றார்.

தேய்க்கத் தேய்க்க அது பளபளத்தது. மறுநாள் காலையில் தலைக்குக் கீழே கழுத்து வந்திருந்தது.

அது சுவரில் எழுதியிருந்த படத்திலிருந்து இறங்கியது என்று எங்களுக்குத் தெரியும். ஏன் இறங்கியது என்பதுதான் தெரியாது. அரசாங்கம் அந்தக் கட்டடத்தைக் கட்டி முடித்தபோது நான்கு சுவருக்கும் பளீரென்று வெள்ளை அடித்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் பதியில் ஆள் இறந்த வீட்டுக்குத்தான் வெள்ளை மண் பூசி, கதவைச் சாத்தி, ஒரு மழைக்காலம் போகும்வரை யாரும் நுழையாமல் விட்டுவைப்போம். சாவு வீட்டுக்குள் போய் வைத்தியம் பார்த்துக்கொள்ள எங்களுக்கென்ன கிறுக்கா பிடித்திருக்கிறது என்று ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. சிஸ்டர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருந்தார், நாங்கள் அவரைப் பார்த்ததும் காட்டுக்குள் ஓடினோம். கடைசியில் யாரோ விஷயத்தைச் சொல்ல, அவர் கெம்பியின் வீட்டுக்கு நடந்தே போய், "உங்க சுவரப்போல எங்க சுவரையும் ஆக்கித் தாங்க," என்று கேட்டுவிட்டார்.

கெம்பி படம் எழுதும் வீட்டுக்காரி. செம்மண்ணையும் வெள்ளை மண்ணையும் கரியையும் காட்டவரை இலைச் சாற்றையும் வேங்கைப் பிசினில் குழைத்து, இடது கையில் கொட்டாங்குச்சியைப் பிடித்துக்கொண்டு, இடது காலை வலது கால்மேல் போட்டுச் சாய்ந்து நின்று, எங்கள் வீட்டுச் சுவர்களில் எல்லாம் அவள்தான் எழுதுவாள். ஆஸ்பத்திரிக்கு அவள் எழுதியது எங்கள் வைத்தியத்தை. எங்களுக்குத் தெரிந்த பெரிய வைத்தியம் ஒன்றுதான்: நோயாளியை நடுவில் உட்காரவைத்து, பதி மொத்தமும் கைகோத்துச் சுற்றி நின்று, கொட்டுக்கு அடியெடுத்து வைத்து, மெல்ல மெல்லச் சுற்றி வருவோம். பச்சிலையும் கொடுப்போம்தான், ஆனால் பச்சிலை பாதி வேலையைத்தான் செய்யும், மீதியை அந்தக் கைகள் பார்த்துக்கொள்ளும். கெம்பி அந்த வட்டத்தைக் கூடத்தின் நான்கு சுவரிலும் ஓடவிட்டாள். ஆளுயர மனிதர்கள், முகமில்லாதவர்கள், கைகோத்தவர்கள், கதவு குறுக்கிட்ட இடத்தில் கதவுக்கு மேலாகக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டவர்கள். முகம் இல்லாவிட்டால் என்ன, கூனல் தோள் யாருடையது, பானை வயிறு யாருடையது, சண்டைக்கு நிற்கிற இடுப்பு யாருடையது என்று எங்களுக்குத் தெரியாதா? உள்ளே நுழைந்து தரையில் உட்கார்ந்தால் நாமே நோயாளி, சுற்றிலும் நம் பதி. அன்றிலிருந்து கூடம் நிரம்பி வழிந்தது. தலைவலி இல்லாதவர்கள்கூடத் தலைவலி என்று வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

எழுதுகிறவள் தன்னை எழுதிக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவளுக்கென்று ஓர் ஆள் நிற்கும் இடம் வட்டத்தில் வெறுமனே விடப்படும். எல்லாம் முடிந்த பிறகு, பிசின் காய்வதற்குள், அவள் அந்த இடத்தில் சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் விரித்து, இந்தப் பக்கத்துக் கையையும் அந்தப் பக்கத்துக் கையையும் ஒருமுறை பிடித்துவிட வேண்டும். அதைக் கை கொடுப்பது என்போம். கை கொடுத்தால்தான் வட்டம் மூடும். மூடாத வட்டம் நோயை ஆற்றாது. நடுவில் உட்காரவைக்க அது தானே ஓர் ஆளைத் தேடும்.

கெம்பி கை கொடுக்கப் போன நேரத்தில் ஜீப்புகள் வந்துவிட்டன. திறப்பு விழாவுக்கு மத்தியானம் வருவதாகச் சொன்ன பெரிய அதிகாரிகள் காலையிலேயே வந்து இறங்கி, மாலை எங்கே, கத்தரிக்கோல் எங்கே என்று பரபரத்தார்கள். கெம்பியைச் சுவரிலிருந்து பிடித்து இழுத்து, ஈரக் கையோடு சால்வை போர்த்தி, "இந்தப் பக்கம் பாரும்மா, கொஞ்சம் சிரிம்மா," என்று படம் எடுத்தார்கள். அத்தனை கால்சட்டைக்காரர்களுக்கு முன்னால் சுவரில் பல்லியைப்போல ஒட்டிக்கொண்டு நிற்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. டீயும் பன்னும் கொடுத்து முடித்து ஜீப்புகள் கிளம்பியபோது பிசின் காய்ந்து கல்லாகியிருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. கை கொடுத்துவிட்டாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். சிஸ்டரும் வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்து, பாவம் விட்டுப்போயிற்று என்று எண்ணி, நல்ல மனதோடு அங்கே தடுப்பூசி அட்டவணையைத் தொங்கவிட்டார். அதில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது.

கழுத்துக்குப் பிறகு தோள் வந்தது, தோளுக்குப் பிறகு முதுகு, ஒவ்வொரு காலையிலும் கொஞ்சம். நாங்கள் விடிந்ததும் முதல் வேலையாகக் கூடத்து ஜன்னலில் போய் நின்றோம், பல்கூடத் துலக்காமல். அது யார்? எங்களுக்கு வேறு கேள்வியே இல்லாமல் போயிற்று. நடுவில் கிடப்பது யாரோ அவருக்குத்தான் ஏதோ வரப்போகிறது, வருவதைத் தடுக்கப் பச்சிலை கிடையாது, ஊசி கிடையாது. யாராக இருந்தாலும் சரி, நானாக இருக்கக் கூடாது, என் வீட்டு ஆளாக இருக்கக் கூடாது என்று ஒவ்வொருவரும் வேண்டிக்கொண்டோம். அப்படி வேண்டிக்கொள்வதற்கு, வேறு யாராவதாக இருக்கட்டும் என்றுதான் பொருள் என்பது எங்களுக்குத் தெரியாமலும் இல்லை.

தோள் கொஞ்சம் சாய்ந்தாற்போல் தெரிந்த அன்று கூனல் முதுகுக்காரன் மாரணன் வீட்டுக்கு ஓடி, முதுகோடு சேர்த்து ஒரு மூங்கிலைக் கட்டிக்கொண்டான். அதோடுதான் சாப்பிட்டான், அதோடுதான் படுத்தான். தலையின் பின்புறம் கொண்டை முளைத்த அன்று ஆண்கள் எல்லாம் வெளிப்படையாகவே நிம்மதியாக மூச்சுவிட்டார்கள், அதை எங்கள் பெண்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. பெண்கள் ஒரே நாளில் கொண்டையை அவிழ்த்துத் தலைமயிரைத் தொங்கவிட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலையில் தரையில் கிடந்தவளும் கொண்டையை அவிழ்த்திருந்தாள்.

எல்லாம் செய்து பார்த்தோம். சுண்ணாம்பு அடித்தோம், சேம்பிலையில் தண்ணீர் போல வழுக்கி ஓடிற்று. வார்டு கவுன்சிலர் டைல்ஸ் ஒட்டச் சொன்னார், ஒட்டினோம், டைல்ஸின் மேல் அவள் இன்னும் தெளிவாகத் தெரிந்தாள். எங்கள் மூப்பர் நெல்லும் பூவும் வைத்துக் கும்பிட்டுப் பார்த்தார். அந்த இடத்துத் தரை மட்டும் உடம்புச் சூடாக இருந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிப் பூனை அந்தக் குளிரில் அங்கே போய்ப் படுக்கவில்லை, வாசல்படியிலேயே நடுங்கிக்கொண்டு கிடந்தது. எங்களுக்கு அந்தப் பூனையைப் பார்க்கத்தான் அதிகம் பயமாக இருந்தது.

பயம் வந்தால் ஊர் ஒன்றுகூடும் என்று கதைகளில் சொல்வார்கள். எங்கள் ஊர் ஒன்றுகூடவில்லை. தரையில் கிடந்தவளின் சாயல் யாருக்குக் கொஞ்சம் இருந்தாலும் அவள் பக்கத்தில் உட்கார ஆளில்லை. அவள் தொட்ட குடத்தைத் தொட ஆளில்லை. அறுவடை ஆட்டத்துக்குக் கொட்டு அடித்தபோது நாங்கள் எல்லாரும் வந்தோம், வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றோம். கொட்டுக்காரன் அடித்துப் பார்த்துவிட்டு, கொட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். பாறையில் தேன் கனிந்து ஒழுகியது, இறங்க ஆளில்லை. கெம்பியின் புருஷன் மல்லன்தான் எங்கள் பதியின் முதல் தேன்காரன்; மேலே நின்று அவனுக்குக் கயிறு பிடிப்பவன் கெம்பியின் அண்ணன் சடையன். தேன்காரனுக்குக் கூடப்பிறந்தவன் கயிறு பிடிக்கக் கூடாது, மைத்துனன்தான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவனுக்குப் பங்கில் கண் இருக்கும், கை தளரலாம். மைத்துனனோ தன் தங்கையின் தாலியைத் தானே அறுக்க மாட்டான். அந்தச் சடையனே முறுக்கிய கயிற்றை முளையில் மாட்டிவிட்டு, இந்த வருடம் வேண்டாம் என்றுவிட்டான்.

பிறகு கால் வந்தது. இரண்டு கால்களும் வந்து, ஒரு நாள் விட்டு, இடது குதிகாலில் மட்டும் நாவல்பழ நிறத்தில் ஒரு வீக்கம் வந்தது.

பாம்பு என்று மூப்பர் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம். அன்று மத்தியானத்துக்குள் மலையடிவாரச் சந்தையில் செருப்பே இல்லாமல் போயிற்று. பிறந்ததிலிருந்து செருப்பு அறியாத கால்களில் ரப்பர் பூட்ஸும் பிளாஸ்டிக் ஷூவும் ஏறின. கிடைக்காதவர்கள் சாக்கைச் சுற்றிச் சணலால் கட்டிக்கொண்டார்கள். பிள்ளைகளைத் தரையில் இறக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்கள். வேங்கைப்பதி முழுவதும் தொப்புத் தொப்பென்று நடந்தது. வெளியூர்க்காரர்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். நாங்கள் சிரிக்கவில்லை.

தரையில் கிடப்பவள் யார் என்பதை எங்களில் ஒருத்தி மட்டும் கண்டுபிடித்துவிட்டிருந்தாள். அவள் மாசி. மல்லனின் அக்கா, கெம்பியின் நாத்தனார், எங்கள் பேச்சில் நங்கையா. தேன்காரன் இறக்கும் முதல் தேனடை அவன் கூடப்பிறந்தவளுக்கு என்பது வழக்கம். ஒரு பருவத்தில் கெம்பி அதைத் தூக்கித் தன் அண்ணன் சடையனுக்குக் கொடுத்துவிட்டாள். பசியோடு கயிறு பிடித்தவன் அவனல்லவா என்றாள். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே பாதையில் எதிரே வந்தால் ஒருத்தி புதருக்குள் இறங்கிக்கொள்வாள். ஆனால் பகைகொண்டவளைப் பார்ப்பதுபோல நாம் வேறு யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. கெம்பி எப்படி நிற்பாள், எப்படிக் குனிவாள், முந்தானையை எந்தப் பக்கம் செருகுவாள் என்று மாசிக்கு அத்தனையும் மனப்பாடம். எழுதுகிறவள் வட்டத்துக்கு வெளியே இருப்பவள் என்று நாங்கள் எல்லாரும் கெம்பியை விட்டுவிட்டு மற்றவர்களை அளந்துகொண்டிருந்தபோது, மாசி ஜன்னலில் நின்று, மடங்கிய இடது முழங்கையைப் பார்த்தாள், வலது கால்மேல் போட்டிருந்த இடது காலைப் பார்த்தாள், வீட்டுக்குப் போனாள், அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை அவள் தம்பியின் வீட்டுக்கு வந்து, முற்றத்துக்குள் கால் வைக்காமல் வேலிக்கு வெளியிலேயே நின்றாள்.

"ஏ புள்ளே," என்றாள். "உன்ற காலுக்குச் செருப்பு இருக்குதா?"

கெம்பி நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை நாளைக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை இதுவா என்று அவளுக்கு மூக்கு விடைத்தது. "எதுக்குங்க நங்கையா? இல்லையின்னா வாங்கித் தரப்போறீங்களா?"

நடுவில் கிடப்பது நீதான் என்று ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் சொன்னதே பலித்துவிடும் என்று மாசிக்குப் பயம். அவள் தன் காலில் கிடந்த ரப்பர் செருப்புகளைக் கழற்றி, வேலிக்கு மேலே முற்றத்தில் எறிந்தாள். "போட்டுக்கோ," என்றாள். வெறுங்காலோடு திரும்பி நடந்தாள்.

செருப்பை எறிந்தால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தமோ அந்த அர்த்தத்தில்தான் கெம்பி எடுத்துக்கொண்டாள். அழுதாள், திட்டினாள், புருஷனைப் பார்த்து, "உங்கக்கா என்னய செருப்பால அடிச்சுட்டுப் போறா, நீ பாத்துக்கிட்டு நிக்கிறே," என்று கத்தினாள். செருப்புகளை ஒரு குச்சியால் எடுத்து வேலிக்கு வெளியே போட்டாள். ஆனால் படுத்த பிறகு அவளுக்கு வேறு ஏதோ உறுத்தியது. பதியெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும், பேசாத நாத்தனார் வந்து செருப்பை வீசுவதும், எல்லாம் தன் ஒருத்தியின் வெட்கத்தால் வந்தது என்று தோன்றியது. காலையில் புதிதாக வெள்ளை மண் தோண்டி, பிசின் இறக்கி, சுவரில் அந்த இரண்டு கைகளையும் நனைத்துக் கை கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

வெள்ளை மண் தோண்டப் போகிறவள் செருப்புப் போட்டுக்கொண்டு போக மாட்டாள். அந்த மண் அப்படி. பதியில் எல்லாருடைய காலிலும் ரப்பரும் சாக்கும் இருந்த அந்தக் காலையில் கெம்பி மட்டும் வெறுங்காலோடு ஓடைக்கரைக்குப் போய், குழிக்குள் கைவிட்டு, ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, பின்னால் சருகுக்குள் சுருண்டு கிடந்த கண்ணாடி விரியனின்மேல் இடது குதிகாலை வைத்தாள்.

மல்லனும் சடையனும் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓடைக்கரையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நாங்கள் பின்னால் ஓடினோம், பூட்ஸ் தடுக்கி விழுந்து எழுந்து ஓடினோம். சிஸ்டரின் அறைக் கட்டிலுக்குப் போகக் கூடத்தைத் தாண்ட வேண்டும். சுவரோரமாகப் போக நேரமில்லை. நடுவில் குறுக்கே போன மல்லன், எதன்மேல் மிதிக்கிறோம் என்று நினைவு வந்ததும் கால் மடங்கிச் சரிந்தான், கெம்பி அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தாள். விழுந்தவள் அந்தக் கறுப்பு உருவத்துக்குள், தலைக்குத் தலை, தோளுக்குத் தோள், முழங்கைக்கு முழங்கை, அப்படியே பொருந்திக் கிடந்தாள். இடது கால் வலது கால்மேல் இருந்தது. குதிகால் நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தது.

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எங்களில் பலருக்கு அந்த நொடியில் நெஞ்சு லேசாயிற்று.

சிஸ்டர் அவளை அங்கிருந்து தூக்கவிடவில்லை. தரையிலேயே மண்டியிட்டு ஊசி ஏற்றினார், பாட்டிலைச் சடையன் கையில் கொடுத்து உயரப் பிடிக்கச் சொன்னார். அடிவார ஆஸ்பத்திரி டாக்டர் போனில் சொல்லச் சொல்ல மருந்தை ஏற்றினார். கெம்பியின் ரத்தத்தைக் கொஞ்சம் ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து நிறுத்திவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குழாயை மெல்லச் சாய்த்தார். ரத்தம் தண்ணீராக ஓடியது.

"உறையல்ல," என்றார். விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாதாம். "ஆம்புலன்ஸ் ஏறி வரணும். வரும்வரைக்கும் இவளப் பிடிச்சு நிறுத்தணும்."

பிடித்து நிறுத்த வேண்டும் என்றதும் கெம்பி கண்ணைத் திறந்தாள். ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "நான் கை குடுக்கல," என்றாள். "அன்னிக்கு அவிய எல்லாம் வந்துட்டாங்க. நான் குடுக்கல."

நாங்கள் எல்லாரும் சுவரைப் பார்த்தோம். அங்கே தடுப்பூசிக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

சடையன் பாட்டிலை மல்லனிடம் நீட்டிவிட்டுச் சுவரை நோக்கி ஒரு அடி வைத்தான். "நில்லு," என்று ஒரு குரல் கேட்டது. மாசி வெறுங்காலோடு வாசலில் நின்றிருந்தாள்.

"கூடப்பொறந்தவன் எப்பக் கயிறு புடிச்சான்? நீ எட்டி நில்லு."

"அப்ப நான் நிக்கறேன்," என்றான் மல்லன்.

"நீயா? இவ போனா வார தேன் பருவத்துக்குள்ள இன்னொருத்தியக் கூட்டிட்டு வந்துருவே. ஆம்பளைக்கு என்ன நட்டம்?" அவள் கூடத்துக்குள் வந்தாள், எல்லாரும் சுற்றிப் போன அந்த உருவத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, கெம்பியின் மூடிய விரல்களைப் பிரித்தாள். உள்ளே அந்த ஒரு பிடி வெள்ளை மண் இருந்தது. "இவ போனா இவ பெத்த மூணு குட்டிகளும் யாரு தலையில? என்ற தலையில. மூணுக்கும் சோறாக்கி, மூக்குத் தொடச்சு, இவளப்போல அதுக வாயாடறதையும் நான் கேக்கோணும். வுட்டா எனக்குத்தான் நட்டம். அதனால நான் வுடமாட்டேன்."

சொல்லும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அட்டவணையைப் பிடுங்கி எறிந்தாள். மண்ணில் எச்சிலைத் துப்பிக் குழைத்து இரண்டு உள்ளங்கையிலும் பூசினாள். வெறுஞ்சுவரைப் பார்த்து நின்று கைகளை விரித்து, இந்தப் பக்கத்துக் கையையும் அந்தப் பக்கத்துக் கையையும் பிடித்தாள்.

சுவரும் பிடித்தது. காய்ந்த பிசினுக்குள்ளிருந்து அந்தக் கைகள் அவள் கைகளை இறுக்கியதையும், அவள் உடம்பு சுவரோடு போய் அறைந்ததையும், தோள் எலும்பு மளுக்கென்றதையும் நாங்கள் பார்த்தோம். ஏதோ ஒன்று கெம்பியைத் தரைக்குக் கீழே இழுத்தது. அந்த இழுப்பு சுவர் வழியாக, கைகள் வழியாக மாசிக்கு வந்தது, பாறை விளிம்பில் கயிறு பிடிப்பவனுக்குக் கீழே தொங்குகிறவனின் கனம் வருவதுபோல. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒருத்தி எத்தன நேரம் புடிக்கறது? மரமாட்டம் நிக்கறீங்களே!" என்று எங்களைப் பார்க்காமலே கத்தினாள்.

முதலில் அசைந்தவன் மாரணன். முதுகில் மூங்கிலோடு தத்தித் தத்திப் போய், கெம்பி தன்னைக் கூனலாக எழுதியிருந்த உருவத்தின் முன்னால் நின்று, மூங்கில் கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அதன் கைகள்மேல் தன் கைகளை வைத்தான். பிறகு மூப்பர். பிறகு பானை வயிற்றுக்காரி. பூட்ஸையும் சாக்கையும் உதறிவிட்டு ஒவ்வொருவராகப் போய் அவரவர் உருவத்தின் முன்னால் நின்றோம். கை மேல் கை வைத்த இடமெல்லாம் இழுப்பு வந்தது. அந்த இழுப்பை எப்படிச் சொல்வது? சாவு கனமானது. அது கெம்பியின் கனம் மட்டும் இல்லை. பங்கு போட்டுத்தான் தூக்க முடியும். கொட்டு இல்லாமலேயே எங்கள் கால்கள் அடியெடுத்து வைத்தன, நின்ற இடத்திலேயே, ஒன்றுபோல. கூடம் அதிர்ந்தது. சிஸ்டர் நடுவில் மண்டியிட்டபடி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார், அவர் உதடுகள் அவருடைய சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை, அவருடைய கடிகாரத்தைத் தவிர. ஒரு கட்டத்தில் அவர் புதிதாக ரத்தம் எடுத்து, குழாயை நிறுத்தி, காத்திருந்து, சாய்த்தார். ரத்தம் ஓடவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தார். அப்போதும் அது அடியிலேயே உறைந்து நின்றது. கெம்பியின் கீழே கிடந்த கறுப்பு, வெயிலில் ஈரம் காய்வதுபோல ஓரத்திலிருந்து சுருங்கி மறைந்தது. வாசல்படியில் கிடந்த பூனை எழுந்து வந்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் அங்கே படுத்துக்கொண்டது.

கெம்பி அடிவார ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து, ஒரு கால் சற்று இழுக்க, திரும்பி வந்தாள். அந்தப் பருவத்தில் மல்லன் இறக்கிய முதல் அடையை மாசியின் வீட்டுக்குத் தானே எடுத்துப் போனாள். அடை சிறியதாக இருக்கிறது என்று மாசி சண்டை பிடித்தாள், இரண்டு பேரும் ஓடைக்கரை வரை கேட்கும்படி கத்திக்கொண்டார்கள், எங்களுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மாசியின் உள்ளங்கைகள் மட்டும் வெள்ளையாகவே நின்றுவிட்டன, எதைப் போட்டுக் கழுவியும் போகவில்லை. சுவரில் அந்த இடத்தைக் கெம்பி எழுதவில்லை, வெறுமனே விட்டாள். அது யார் வேண்டுமானாலும் நிற்கிற இடம் என்றாள்.

அதன்பிறகு எங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. நமக்கு ஒன்று வந்தால் யார் பிடிப்பார்கள், நாம் போனால் யாருக்கு நட்டம் என்று உட்கார்ந்து யோசிப்போம். கொழுந்தி இருக்கிறாள், மாமன் இருக்கிறான், நமக்குக் கடன் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரன்கூட இருக்கிறான் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் தேறியது. பயம் போய்விடவில்லை. அதோடு குடும்பம் நடத்தக் கற்றுக்கொண்டோம்.

கிறிஸ்துமஸுக்குச் சிஸ்டர் ஊருக்குப் போயிருந்தபோது கூடத்துத் தரையில் மறுபடியும் ஒரு தலை முளைத்தது. இந்தத் தடவை அது நாளுக்குக் கொஞ்சமாக வளரவில்லை, அவசரமாக வளர்ந்தது. அவர் திரும்பி வருகிற நாள் காலையில் கைகள் முழுதாக வந்துவிட்டன. இடது மணிக்கட்டில் வட்டமாக, பெரியதாக ஒன்று கட்டியிருந்தது.

நாங்கள் ஜன்னலில் நின்று அதைப் பார்த்தோம். அவருக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? நாத்தனார் இல்லை, மைத்துனன் இல்லை, ஒரே ஒரு தாய், அதுவும் கடலோரத்தில். எல்லாரும் மாசியின் வெள்ளைக் கைகளைப் பார்த்தோம்.

"என்னய என்ன பாக்கறீங்க?" என்றாள் மாசி. "அந்தப் பொம்பள போனா யாருக்கு நட்டமோ அவிய வாங்க."

மத்தியானப் பேருந்திலிருந்து சிஸ்டர் பையோடு இறங்கி மேட்டில் ஏறி வந்தபோது, கூடம் நிறைந்து, வாசல் நிறைந்து, வேலியைத் தாண்டிப் பாதை வரைக்கும் நாங்கள் கைகோத்து நின்றோம், கெம்பி ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள், குழந்தைகள் நின்றார்கள், செருப்பு ஒருவர் காலிலும் இல்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. பையைக் கீழே போட்டார்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். "சொல்லுங்க, யாருக்காக்கும்?"

உள்ளே, வெறுஞ்சுவரில் கைகளை விரித்து நின்றிருந்த மாசி திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள்.

"உள்ள வாங்க சிஸ்டரு. வந்து நடுவுல உக்காருங்க."